ஆவுடையப்பன் விட்ட தண்ணீர்

ஆவுடையப்பனுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். முப்பத்தொரு வருஷம் குடிநீர்க் குழாயில் ஃபிட்டர் வேலை. எந்த வால்வை எத்தனை திருகு திருகினால் கடைசி வீட்டு மாடிக்குத் தண்ணீர் ஏறும் என்பது அவர் கைக்கே தெரியும். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு கண்ணாடித் தொட்டி கலங்கடித்துவிட்டது.

தொட்டி இருந்தது, ஊரார் அம்மை என்று கூப்பிடும் பெண்மணியின் வீட்டுக் கூடத்தில். அம்மைக்கு நாற்பத்திரண்டு வயது, ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. ஆனால் குரு அம்மைதான், சீடர் இவர்தான். ஞானத்துக்கு ஏது சீனியாரிட்டி? அம்மை முன்பு கணக்கு டீச்சர். வேலையை விட்டபின் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். மனசு சரியில்லாதவர்கள் வருவார்கள், ரெண்டு வார்த்தை பேசுவார்கள், போவார்கள். மனைவி இறந்த வருஷம் அப்படி வந்து உட்கார்ந்த ஆவுடையப்பன் மட்டும் எழுந்து போகவே இல்லை.

கப்பல் வேலைக்குப் போன ஒருவர் அம்மையிடம் விட்டுப்போன கடல்நீர்த் தொட்டி அது. உள்ளே நாலைந்து மீன், பாறைமேல் ஒரு பவளம். மோதிரத்தில் பதிக்கிற கல் இல்லை, உயிருள்ள பவளம். காளான் மாதிரித் தலை, தலை நிறையச் சின்னச் சின்ன விரல்கள். அதற்குக் கால் கிடையாது. தீனியும் மூச்சும் தேடி வர வேண்டும், அழுக்கு தானாகப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஓட்டம்தான் கதி. அந்த ஓட்டத்துக்காகக் கண்ணாடியில் காந்தம் வைத்து ஒட்டிய இரண்டு சின்ன மோட்டார்கள் இருந்தன.

அந்தப் பவளம் ஒன்பது நாளாக விரல்களை உள்ளே இழுத்து மூடிக்கிடந்தது.

ஆவுடையப்பன் சும்மா இருப்பாரா? இரண்டு மோட்டாரையும் பவளத்தின் முகத்துக்கு நேரே திருப்பி, வேகத்தைக் கடைசிவரை ஏற்றிவிட்டார். பவளம் இன்னும் இறுக மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை அம்மை வந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். சரியாகலைன்னா தொட்டியை ஆத்தூர் வாத்தியார்ட்ட குடுத்துருவோம். அவருக்கு இதெல்லாம் பழக்கம்."

"குடுத்துட்டா?"

"நீங்களும் உங்க வீட்டுல போய் நிம்மதியாப் படுக்கலாம்லா."

ஆவுடையப்பனுக்குத் தலையில் இடி விழுந்தது. தொட்டியைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் அந்தக் கூடத்தில் பாய் போட்டிருந்தார். தொட்டி போனால் பாயும் போச்சு. அப்புறம் அம்மைக்கு விடியற்காலையில் வெந்நீர் யார் போடுவது? கரண்டு போனால் யார் விசிறுவது? வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, "அம்மா களைச்சிருக்காங்க, நாளைக்கு வாங்க" என்று யார் திருப்பி அனுப்புவது? அம்மைமேல் அவருக்கு உயிர். அம்மை இப்போதெல்லாம் பொழுது சாயும் முன்பே அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார். அசதியாக்கும் என்று இவர் பால் செம்போடு கதவுக்கு வெளியே நிற்பார்.

"அது ஏம்மா மூடிக்கிடுது? நான் என்ன குறை வச்சேன்?"

"முதல்ல சாப்பிட வாங்க."

அன்று அம்மையே பரிமாறினார். சோறு, சாம்பார், அவியல். மறுபடி சோறு. மறுபடி அவியல்.

"போதும்மா."

"ஒரு கரண்டிதான்."

"அய்யோ, வயிறு தாங்காதும்மா!"

"இன்னும் ஒரே ஒரு கரண்டி."

ஆவுடையப்பன் இரண்டு கைகளையும் இலைமேல் விரித்துக் குனிந்துகொண்டார்.

"கையை எடுங்க அண்ணாச்சி."

"மாட்டேம்மா!"

அம்மை சிரித்துவிட்டார். "பாருங்க, நீங்களும் மூடிக்கிட்டீங்க."

ஆவுடையப்பனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. தப்பாகத்தான் புரிந்தது. கையைக் கழுவிய கையோடு ஒரு மோட்டாரை நிறுத்தினார், இன்னொன்றைப் பேருக்குச் சுற்ற விட்டார்.

வெள்ளிக்கிழமை பார்த்தால் பவளத்தின்மேல் பழுப்பாகப் பாலாடை மாதிரி படிந்திருந்தது. பாறை இடுக்கெல்லாம் மீன் கழிவு. ஆவுடையப்பன் அம்மையிடம் ஓடினார்.

"கூட்டினாலும் குத்தம், குறைச்சாலும் குத்தம்! இது என்னம்மா, மாமியார்க்காரி மாதிரில்லா இருக்கு?"

"உங்களைக் குறைக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதான இலையில..."

அதற்குள் வாசலில் கேட் திறக்கும் சத்தம். ஆவுடையப்பன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்தார்.

"யாரு அண்ணாச்சி?"

"கடற்கரைத் தெரு சலேத் மேரி. நீங்க அசதியா இருக்கீங்க, திங்கக்கிழமை வான்னு அனுப்பிட்டேன்."

"எதுக்கு வந்தாளாம்?"

"கேக்கலையேம்மா."

"நேத்தும் அவ குரல் கேட்டுதே."

"ஆமா. முந்தாநாளும் வந்தா."

அம்மை வாசலை எட்டிப் பார்த்தார்.

அம்மை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். சுவிட்சை அணைத்தார். கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டார். ஒரு மோட்டாரை இடது ஓரத்தில் ஒட்டி, முன்கண்ணாடியைப் பார்க்கத் திருப்பினார். மற்றதை எதிரே வலது ஓரத்தில் ஒட்டி, அதையும் கண்ணாடிப் பக்கமே திருப்பினார். பிறகு இரண்டையும் முழு வேகத்தில் போட்டார்.

"அம்மா, அது கண்ணாடியில அடிக்குது! பவளம் இங்கல்லா இருக்கு!"

"தெரியும்."

"தண்ணி பூரா வீணாப் போகுமே!"

"சுத்தி நாலு பக்கமும் கண்ணாடி. எங்க போகுதுன்னுதான் பாருங்களேன்."

தண்ணீர் கண்ணாடியில் முட்டியது, உடைந்தது, திரும்பியது. அந்தப் பக்கத்திலிருந்து வந்ததும் இந்தப் பக்கத்திலிருந்து வந்ததும் நடுவில் மோதிக்கொண்டன. பவளம் இடது பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, வலது பக்கம் அசைந்தது. இடுக்கில் கிடந்த கழிவு தானாகக் கிளம்பி மேலே வந்தது. ஆவுடையப்பன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், சனிக்கிழமை முழுக்க எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அந்தப் பழுப்பு ஆடை ஓரத்தில் பிரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பவளம் விரல் நீட்டியது. முதலில் நாலைந்து, அப்புறம் ஒரு பக்கம் முழுக்க. பத்து மணிக்கெல்லாம் தலை தெரியாமல் பூத்துவிட்டது.

"அம்மா! அம்மா! வந்து பாருங்கம்மா!"

சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். அம்மையும் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் ராசாத்தி," என்றார் ஆவுடையப்பன் பவளத்தைப் பார்த்து. பிறகு அம்மையைப் பார்த்தார். "அதே மோட்டார், அதே வேகம். நான் நேரா குடுத்தேன், வேண்டாம்னு மூடிக்கிட்டு. எங்கேயோ முட்டிட்டு வந்ததை மட்டும் வாங்கிக்கிடுதே. ஏம்மா?"

"உங்க ஸ்பானர் பை எங்க இருக்கு?"

"எங்க வீட்டுப் பரண்ல. எதுக்கும்மா?"

"நேத்து நீங்க தொட்டியைவிட்டு அசையாம இருந்தப்ப நான் சலேத் மேரி வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். கடற்கரைத் தெருவுல பத்து நாளாக் குழாய்ல சொட்டுத் தண்ணி வரலையாம். எங்க அடைச்சிருக்குன்னு இப்ப உள்ளவங்களுக்குப் பிடிபடலையாம்."

"அத அவ என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வாயைத் திறக்க விட்டாத்தான? உங்களை அனுப்பி வைங்கன்னு கேக்கத்தான் மூணு நாளும் வந்திருக்கா."

ஆவுடையப்பன் தலை குனிந்துகொண்டார். அந்தத் தெருவுக்குக் குழாய் இறக்கியதே அவர்தான். ஆறாவது வீட்டுக்கு எதிரே, வேப்பமரத்தடியில், மண்ணுக்குள் மறைந்துபோன ஒரு வால்வு உண்டு. அது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

"ஒரு நாள்ல முடியாதும்மா. தோண்டணும். நாலு நாளோ அஞ்சு நாளோ..." தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "தொட்டியும் சரியாயிட்டு. இனி நான் வேண்டாம்னுதான் அனுப்புதீங்களா?"

"உங்க பாயைச் சுருட்டச் சொன்னேனா? நீங்க இல்லாத வீடு எனக்கு மட்டும் நல்லா இருக்குமாக்கும்? பொழுது சாய இங்கதான் வரணும். சுடுகஞ்சியும் துவையலும் வச்சிருப்பேன்."

ஆவுடையப்பன் எழுந்தார். வாசல்வரை போனார். செருப்பில் கால் நுழையவில்லை. திரும்பி நின்றார்.

"பகல் பூரா உங்களை யாரும்மா பாத்துக்கிடுவா? எல்லாம் நான்தான பாத்துப் பாத்துச் செய்தேன்?"

"சலேத் மேரி வீட்டுக்குத் தண்ணி வரட்டும் அண்ணாச்சி," என்றார் அம்மை. "எனக்கு வேண்டியது அங்க முட்டித் தானாத் திரும்பி வந்துரும்."