பசியில்லை என்றான் வயிரவன்

மஞ்சனூர் அரசரைச் சிரிக்க வைத்துச் சம்பளம் வாங்கியவன் வயிரவன். பேச்சில் கெட்டிக்காரன்தான். ஆனால் ஊர் அவனை அறிந்தது அவன் வயிற்றால். மாமனார் செத்த வீட்டிலேயே இரண்டு தடவை சோறு கேட்டவன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் விருந்தில் சாப்பாடு வேண்டாமென்றான். அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

அரசருக்கு விஷ பயம். அவருக்கு வைக்கிற ஒவ்வொன்றையும் முதலில் ஒரு ஆள் தின்று காட்டவேண்டும். அந்த ஆள் பிழைத்தால் அரசர் கை நனைப்பார். உயிரைப் பணயம் வைக்கிற இந்த வேலைக்கு மேல்வீதியிலிருந்து யார் வருவார்? சேரியிலிருந்து பூவாயியைக் கூட்டிவந்தார்கள். "பெரியவங்க வாயில சோறு போறதுக்கு முந்தி உன் வாயில போகணும், தெரிஞ்சுதா?" என்று சொல்லிவைத்தார்கள்.

இளவரசருக்குக் காதுகுத்து வந்தது. இரண்டு நாள் விருந்து. முதல் நாள் இலை போட்டதுதான் தாமதம், பூவாயி விறுவிறுவென்று வந்து முதல் இலையில் உட்கார்ந்தாள். அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அவள் என்ன கண்டாள்? பெரியவர்கள் எங்கே சாப்பிட்டாலும் முந்திச் சாப்பிடுவது தன் வேலை என்று நினைத்துவிட்டாள் பாவம்.

தலைமை அமைச்சர் அனந்தராயர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "பொம்பளை! அதிலும் சேரிக்காரி! அதிலும் ஒட்டுப்போட்ட சேலை! இவள் எங்களுக்கு முந்திச் சாப்பிடுவதா?"

தீர்ப்பு உடனே வந்தது. இப்போதைக்குக் கட்டிவைப்பது, மறுநாள் விருந்து முடிந்ததும் முச்சந்தியில் சவுக்கடி, அப்புறம் ஊரைவிட்டே விரட்டுவது. பூவாயி அழவில்லை. "சொன்னதைத்தானே சாமி செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டாள். வயிரவனுக்கு அது நெஞ்சில் தைத்தது. அவன் வாய் சும்மா இருக்குமா?

"மகாராஜா, இவ்வளவு குதிக்கிறாரே ராயர், சமயம் வந்தால் அவரே இவளைக் கூப்பிட்டு முதல் இலையில் உட்காரவைப்பார்!"

அரசருக்கு வேடிக்கையாக இருந்தது. "அப்படியா? நாளைய விருந்திலேயே நடத்திக் காட்டு. நடந்தால் இவளுக்கு மன்னிப்பு. நடக்காவிட்டால் அடியில் பாதி உன் முதுகுக்கு!"

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! வயிரவன் முதுகைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் அரசர் உப்பரிகையில் நின்று வேடிக்கை பார்க்க, கீழே பந்தி தொடங்கியது. பருப்பும் நெய்யும் பலாப்பழப் பாயசமும் மணக்கின்றன. வயிரவன் தன் இலைமுன் உட்கார்ந்தான். பாயசத்தைப் பார்த்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

"எனக்கு வேண்டாங்க. பசியில்லை."

அனந்தராயரின் கவளம் பாதி வழியில் நின்றது.

"உனக்கா பசியில்லை?"

"சத்தியமாக இல்லைங்க, ஐயா."

"மறைக்காதே! காலையில் மடைப்பள்ளிப் பக்கம் போனாயே, என்ன கண்டாய்?"

"அதை ஏன் கேட்கிறீர்கள்? அந்தப் பாயசத்துக்குப் பிறகு எனக்கு எதுவுமே இறங்கவில்லைங்க."

பக்கத்திலிருந்த பிரபு நெய்க் கையை உதறினார். இன்னொருவர் இலையைத் தள்ளிவைத்தார். அனந்தராயர் அலறினார்: "டேய், அந்தப் பூவாயியைக் கொண்டுவாங்கடா! கட்டை அவிழ்த்துவிடுங்கடா!"

பூவாயி நடுங்கிக்கொண்டு வந்தாள்.

"வாம்மா, வா தாயி! இப்படி என் இலையிலேயே உட்காரு!"

"ஐயோ சாமி, நேத்து உட்கார்ந்ததுக்குத்தானே இன்னிக்குச் சவுக்கடி?"

"நேத்து வேற, இன்னிக்கு வேற! உட்காரும்மா!"

பூவாயி வயிரவனைப் பார்த்தாள். அவன் கண்ணைச் சிமிட்டினான். அவளா லேசுப்பட்டவள்? சட்டென்று புரிந்துகொண்டாள்.

"சாமி, இத்தனை பானையை நான் ஒருத்தி எப்படிப் பார்ப்பேன்? எங்க தெரு ஆளுங்களையும் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு, கூப்பிடு!"

சேரியே வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தது. பிரபுக்களே குனிந்து பரிமாறினார்கள். சேரிக்காரர்கள் பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். ஒருவர்கூடச் சாயவில்லை. நீளமாக ஏப்பம்தான் வந்தது. அப்புறம் பிரபுக்கள் பசி பொறுக்காமல் உட்கார்ந்தபோது மிஞ்சியது கொஞ்சம் ரசமும் அடிப்பானைச் சோறும்.

அரசர் சிரித்துக்கொண்டே இறங்கிவந்தார். "என்ன ராயரே, இரண்டாம் பந்தியா?"

அப்போதுதான் அமைச்சருக்கு உறைத்தது. "மோசம் போனோம் மகாராஜா! இந்தத் தடியன் காலையிலேயே மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்திருக்கிறான்! இவள் மிச்சத்தை எங்களைத் தின்ன வைத்துவிட்டானே!"

"இவள் மிச்சத்தைத் தின்றால் என்னவாம், ஐயா?" என்றான் வயிரவன்.

"குலமே போச்சு! அப்படித் தின்கிறவன் மனுஷனே இல்லை!"

வயிரவன் பவ்யமாகக் கைகட்டி அரசர் பக்கம் திரும்பினான். "மகாராஜா, தினமும் பூவாயி தின்று பார்த்த பிறகு, மிச்சத்தைச் சாப்பிடுவது யாருங்க?"

அமைச்சருக்கு ரசம் புரையேறியது. "நான்... நான் அப்படிச் சொல்லவில்லை மகாராஜா!" என்று அடிப்பானைச் சோற்றை அள்ளி அள்ளி வாயில் திணித்துக்கொண்டார். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோதிரத்தைக் கழற்றி வயிரவனுக்குக் கொடுத்தார்.

"பூவாயி, உனக்கு மன்னிப்பு. வேறென்ன வேண்டும், கேள்."

"தோட்டத்துல ஒரு வேலை போட்டுக் குடுங்க சாமி. இந்த வேலை எனக்கு வேணாம். எங்களுக்கு முந்திச் சாப்பிடணும்னு பெரியவங்க ரொம்ப ஆசைப்படறாங்க. அவங்களையே முந்திச் சாப்பிட விட்ருங்க."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர்.

மறுநாள் மத்தியானம் அரசருக்கு முந்தி முதல் இலை அனந்தராயருக்குப் போடப்பட்டது. பருப்பு, நெய், பலாப்பழப் பாயசம், ஒன்றும் குறைவில்லை. ராயர் பாயசத்தைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மகாராஜா... எனக்குப் பசியில்லைங்க."