சாமை முளைக்காத வயல்

வயலைப் பார்த்த திருமேனிக்குக் கால் ஓடவில்லை. வரப்பிலேயே நின்றுவிட்டார்.

சாமை விதைத்த மறுநாளே நல்ல மழை பெய்திருந்தது. இந்நேரம் வயல் முழுக்க ஊசி ஊசியாய்ப் பச்சை தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுமில்லை. இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரைக்கும் வெறும் செம்மண். பிள்ளைகள் எல்லாம் போய்விட்ட வீடு மாதிரிக் கிடந்தது.

குனிந்து ஓரிடத்தில் விரலால் மண்ணைக் கிளறினார். விதை இருந்தது. ஊறி, உப்பி, மயிரளவு வேர் ஒன்றை வெளியே நீட்டி, அப்படியே பழுப்பேறி நின்றுபோயிருந்தது. தள்ளிப்போய் இன்னோரிடத்தில் கிளறினார். அங்கேயும் அதேதான். அதற்கு மேல் கிளறிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வயலை நம்பித்தான் கஞ்சி மடத்தின் அடுப்பு எரிந்தது. மலைக்கோயிலுக்குப் போகிற பாதையில் இருக்கிறது மடம். பசித்தவர் யார் வந்தாலும் கஞ்சி உண்டு. காலையில் வயலில் இறங்கிக் கொஞ்ச நேரம் களை எடுக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து வயிறாரக் குடிக்கலாம். இதுதான் அங்கே ஏற்பாடு.

மடத்தின் குரு குழல்வாய்மொழி அம்மை. திருமேனி அவருடைய சீடர். வயதில் சீடர்தான் மூத்தவர். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவைத் தாயே என்பார். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

திருமேனி ஓட்டமும் நடையுமாக மடத்துக்கு வந்தார். அம்மை கிணற்றடியில் கஞ்சிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தாயே, மோசம் போயிட்டோம். சாமை ஒண்ணுகூட முளைக்கலை."

அம்மை பானையைக் கீழே வைத்தார். "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை. விதைதான் சொத்தையா இருக்கணும்."

"களை முளைச்சிருக்கா?"

"களையும் இல்லை."

"அப்போ உங்க தண்ணி நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு," என்றார் அம்மை.



அந்தத் தண்ணி அவருடைய கண்டுபிடிப்பு. மடத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் துக்கத்தோடு வருகிறவர்கள். கண்ணில் நீரோடு களை எடுக்கிறவர்களுக்குப் பயிர் எது, களை எது என்று தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்தே பிடுங்கி வைத்துவிடுவார்கள். திருமேனிக்கு அது பொறுக்காது. சோளம் நின்ற இடத்தில் களை அண்டாததை அவர் கவனித்திருந்தார். சோளத்தட்டையைப் பொடிப்பொடியாக வெட்டி, அண்டாவில் ஊறவைத்து, கறுக்கக் காய்ச்சி, வடிகட்டி, போன வருஷம் வளர்ந்து நின்ற கடலைக்கு ஊடே ஊற்றினார். கோரைப்புல் சுணங்கியது. மற்ற களை எதுவும் தலை தூக்கவில்லை. கடலை மட்டும் ஜம்மென்று நின்றது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

"திருமேனி கஷாயம்" என்று அதற்குப் பேரே வைத்துவிட்டான் பேச்சிமுத்து. அவன்தான் மடத்தில் கஞ்சி காய்ச்சுகிறவன். ஒரு காலத்தில் குடித்துவிட்டு வந்து, மடத்து வாசலில் விழுந்து, ஓவென்று அழுதுகொண்டிருந்தவன்.

"அண்ணாச்சி, இதுல ஒரு தம்ளர் எனக்குக் குடுத்திருந்தா அன்னிக்கே குடியை விட்டிருப்பேன்லா," என்பான்.

"ஒனக்கு அது எதுக்குலே? என் வாயே போதாதா?" என்பார் திருமேனி.

அதுவும் உண்மைதான். ஒருநாள் அவன் தலைமாட்டில் நின்று, "அழுகிற இடம் இது இல்லை. எந்திரிச்சு வேலையைப் பாரு" என்று ஒரு சத்தம் போட்டார். அன்றைக்கு எழுந்தவன்தான். அப்புறம் குடியைத் தொடவில்லை.

இந்த வருஷம் விதைப்புக்கு முன்பே, அதைவிடக் கெட்டியாகக் காய்ச்சி, வெறும் மண்ணில் ஊற்றிவிட்டு, அதன்மேல்தான் சாமையை விதைத்தார்.

"தாயே, கடலையை ஒண்ணும் பண்ணலையே அது!"

அம்மை எழுந்தார். கொல்லையில் கிடந்த மூன்று தேங்காய்ச் சிரட்டைகளைக் கழுவிக் கொண்டுவந்தார். இரண்டில் வயல் மண்ணை அள்ளி வரச் சொன்னார். மூன்றாவதில் கிணற்றடி மண்ணைத் தானே போட்டார். வயல் மண்ணில் ஒன்றில் விதைக்கடலை, மற்றதில் சாமை. கிணற்றடி மண்ணிலும் அதே சாமை.

"தினம் ரெண்டு கை தண்ணி தெளிங்க அண்ணாச்சி."

"எதுக்குத் தாயே இது?"

"நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே, அதுக்கு."

 அன்றைக்குக் கேட்டது திருமேனிக்கு மறக்கவில்லை.

மாடத்தியைப் பற்றித்தான் கேட்டார். விதைப்பு நாளன்று மடத்தில் இருந்தவள். சின்ன வயசு. காய்ச்சலில் பெண் குழந்தை போய்விட்டது. தலைச்சன் பிள்ளை. களை எடுக்கும்போதும் அழுதாள். கஞ்சி குடிக்கும்போதும் அழுதாள். பிரார்த்தனையில் எல்லோரும் பாடும்போது அவள் மட்டும் விசும்பினாள். விதைப்பன்று விதைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தட்டுவது போலத் தட்டியபடி நின்று அழுதாள். திருமேனிக்குப் பொறுமை போய்விட்டது.

"அழுகிற இடம் இது இல்லை. எந்திரிச்சு வேலையைப் பாரு."

அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் எந்திரி என்றுதான் அவர் வாயில் வந்தது. அவள் அழுகை டக்கென்று நின்றது. அன்று முழுக்க விதைத்தாள். மறுநாள் விடியும்போது ஆளைக் காணோம்.

திருமேனி அம்மையிடம் போனார். "தாயே, ஒரே வார்த்தையைத்தான் ரெண்டு பேருக்கும் சொன்னேன். பேச்சிமுத்து ஆளாயிட்டான். இந்தப் புள்ள ஏன் இப்படி ஓடிப்போச்சு?" என்று கேட்டார்.

"சாமை முளைக்கட்டும் அண்ணாச்சி. அப்புறம் பேசுவோம்" என்று அம்மை அன்றைக்குச் சொல்லியிருந்தார்.

சிரட்டைகளை வைத்து ஒரு வாரம் போயிருக்கும். கிணற்றடிச் சிரட்டையில் சாமை பச்சைப் பசேலென்று நின்றது. விதையில் ஒரு சொத்தையும் இல்லை. வயல் மண்ணில் கடலை மண்ணைப் பிளந்துகொண்டு, கழுத்தை வளைத்து, முக்கி முனகி வெளியே வந்துவிட்டது. சாமை போட்டது மட்டும் வெறும் மண்ணாகவே இருந்தது.

திருமேனி மூன்றையும் அம்மையின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். 

"கடலைக்கு உள்ள ஒரு பருப்பு இருக்கு தாயே. அதைத் தின்னுட்டு, எதுத்துக்கிட்டு வந்திருச்சு. சாமைக்கு..." வெறும் மண்ணாய்க் கிடந்த சிரட்டையைத் தொட்டார். "அது பொடி விதை. அதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே தாயே."

அம்மை அந்தச் சிரட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நான் மாடத்தியைப் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"பாருங்க."

"என்ன சொல்லட்டும்?"

"வார்த்தையை இன்னும் ஊத்தணுமா அண்ணாச்சி?" என்றார் அம்மை.

திருமேனி விசாரித்து விசாரித்துப் போனார். ஆற்றுப்பக்கம் ஒரு செங்கல் சூளையில் அவள் கல் சுமப்பதாகச் சொன்னார்கள். சூளையில் சோறு ஆக்குகிற அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க அவளுக்கு என்ன வேணும்?"

"சொந்தம்னு ஒண்ணும் இல்லைம்மா. மடத்துல இருந்து வர்றேன்."

"அந்தப் புள்ளைக்கு வாய் இருக்கா இல்லையான்னே தெரியலை அண்ணாச்சி. சோறு வச்சாத் திங்குது. வைக்காட்டிக் கேக்கலை. போன வாரம் கல்லு விழுந்து கால் நகமே பேந்துபோச்சு. ஒரு சத்தம் போடலையே! நாங்கல்லாம் கத்துறோம், அவ சும்மா நிக்கா."

மாடத்தி தலையில் கல்லோடு வந்துகொண்டிருந்தாள். காலில் கந்தைத்துணி சுற்றியிருந்தது. நிமிர்ந்தவள் திருமேனியைப் பார்த்துவிட்டாள்.

அவ்வளவுதான். தலைச்சுமை கோணியது. இரண்டு கல் கீழே விழுந்து உடைந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை அவசர அவசரமாகத் துடைத்தாள். துடைக்க அங்கே எதுவும் இல்லை. முகம் காய்ந்து, செங்கல் தூசி படிந்து கிடந்தது.

"நான் அழலைங்க ஐயா," என்றாள். "சத்தியமா அழலை."

 திருமேனி வழி நெடுக யோசித்துக் கோத்து வைத்திருந்த சொல்லெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். வரப்பில் நின்று பார்த்த அதே வயல்.

"அழக் கூடாதுன்னு சொன்னீங்களே. அதுக்கப்புறம் அழவே இல்லைங்க. வேலைதான் பாக்கேன்," என்று மறுபடியும் சொன்னாள். வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

திருமேனி குனிந்து உடைந்த கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். அவள் தலையில் மிச்சமிருந்த கல்லை ஒவ்வொன்றாக இறக்கினார்.

"மடத்துக்கு வர்றியாம்மா?"

அவள் ஏன் என்று கேட்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி அவர் பின்னாலேயே வந்தாள். காலை நொண்டிக்கொண்டு வந்தாள். நொண்டுவது தெரியக் கூடாது என்று அவள் பிரயாசைப்படுவதையும் அவர் பார்த்தார். திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தார். ஒரு சொல் பேசப் பயமாக இருந்தது அவருக்கு.

மடத்தில் அம்மை அவள் காலைக் கழுவினார். கந்தையை எடுத்துவிட்டு மஞ்சள் அரைத்து வைத்துக் கட்டினார். எரிச்சலில் உயிரே போயிருக்கும். மாடத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சிமுத்து கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தான். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிறவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்விட்டான்.

"தாயே," என்றார் திருமேனி.  "வயலைக்கூட உழுது போட்டுட்டு மழைக்கு விட்டா, கொஞ்சம் கொஞ்சமாக் கழுவிக்கிட்டுப் போயிரும். இந்தப் புள்ளைக்கு நான் என்ன செய்ய? அழுதுரும்மான்னு சொல்லட்டுமா?"

"சொன்னா வந்துருமா?"

"வராதே தாயே."

அம்மை மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த வார்த்தையை நீங்க எங்க இருந்து எடுத்தீங்க அண்ணாச்சி?"

"எந்த வார்த்தை?"

"அழுகிற இடம் இது இல்லைன்னு."

"அது... சும்மா வாயில வர்றதுதானே தாயே."

"உங்ககிட்ட அதை முதல்ல யார் சொன்னா?"

திருமேனி சிரிக்கப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"எங்க அப்பா."

அம்மை அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எங்க அம்மையைத் தூக்கிட்டுப் போற அன்னிக்கு. அப்போ எனக்கு விவரம் தெரியாத வயசு. பாடை காலைப் பிடிச்சிக்கிட்டேன். அப்பா என் கையைப் பிரிச்சி விட்டாரு. அழுகிற இடம் இது இல்லை, எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டுன்னாரு." அவர் குரல் சன்னமாகிக்கொண்டே போனது. "காட்டுனேன் தாயே. எல்லாரும் எங்க அம்மையைத் தூக்கிட்டுப் போனாங்க. நான் தொழுவுல நின்னேன். மாடு குடிச்சிச்சு. குடிச்சி முடிக்கிறதையே நான் பாத்துக்கிட்டு..."

அதற்கு மேல் வரவில்லை. தோள் இரண்டும் குலுங்கின. துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொள்ளப் பார்த்தார். அதையும் மீறிக்கொண்டு வந்தது ஒரு சத்தம். அடுப்படியில் பேச்சிமுத்து கரண்டியைக் கீழே போட்டுவிட்டான். அவ்வளவு பெரிய ஆள், தரையில் உட்கார்ந்து, அம்மா அம்மா என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

மாடத்தி திகைத்துப்போய் எழுந்துவிட்டாள். காலில் வலி இருந்தது அவளுக்கு மறந்துபோயிற்று. அவரைப் பார்த்தாள். அம்மையைப் பார்த்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது.

"அம்மா, ஐயா அழுறாங்களே!" என்று பதறினாள். "ஏதாவது சொல்லுங்கம்மா."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றார் அம்மை. "நீ போய் அவர் பக்கத்துல உக்காரு."