பேசியவர்கள்

வேலாயுதம் சாருக்கு வயது ஐம்பத்தாறு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட ஜெசிந்தா டீச்சருக்கு நாற்பத்திரண்டு. இதைச் சொல்லியே சண்முகையா சார் அவரைக் கிண்டல் பண்ணுவார்.

"என்னவே, உம்ம தங்கச்சி வயசு இருக்குமா உம்ம குருவுக்கு?"

"இருக்கட்டுமே. எனக்குத் தெரியாதது அந்த டீச்சருக்குத் தெரியுதுல்ல?"

மூன்று பேருமே தலைமையாசிரியர்கள்தான். மலையடிவாரத்தில் இருந்த ஜெசிந்தா டீச்சரின் பள்ளிக்கூடத்தில் பிரம்பு கிடையாது. பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், அந்தக் கூட்டத்தில் பேச வேண்டுமென்றால் டீச்சரும் கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்டுத்தான் சுற்றுவட்டாரத் தலைமையாசிரியர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை பயிற்சி கொடுக்கிற வேலையை அவரிடம் விட்டிருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் டீக்கும் வடைக்கும் வந்தார்கள். வேலாயுதம் சார் முழுசாக நம்பினார்.

அந்தச் சனிக்கிழமை அவர் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். டீச்சர் பெஞ்சு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இவரும் ஒரு முனையைப் பிடித்தார்.

"டீச்சர், ஒரு பிள்ளையை நல்ல லீடரா ஆக்கணும். என்ன செய்யணும்?"

"எந்தப் பிள்ளை சார்?"

"ஏழாங்கிளாஸ் முப்பிடாதி. தங்கமான பிள்ளை. எவனாவது கீழ விழுந்தா முதல்ல ஓடிப்போய்த் தூக்குறது அவதான். அதனாலேயே நானே கூப்பிட்டு லீடராப் போட்டேன்."

"லீடருக்கு என்ன வேலை?"

இது என்ன கேள்வி என்பதுபோல அவர் பார்த்தார். "நமக்குத் தெரியாததா? டீச்சர் இல்லாத நேரத்துல போர்டுல 'பேசியவர்கள்'னு போட்டுப் பேரை எழுதணும். மறுபடியும் பேசினா பக்கத்துல பெருக்கல் குறி. டீச்சர் வந்து கவனிச்சுக்குவாங்க."

"ம்."

"இப்ப வகுப்புல ஒருத்தரும் அவகூடப் பேசுறதில்ல டீச்சர். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிட்டுக் குழாயடியில தனியாப் போய் உக்காந்துக்கிறா. போன வாரம் என் ரூமுக்கு வந்து ஒரே அழுகை. நான் தைரியம் சொல்லி அனுப்பினேன். இப்ப அவங்கப்பா திங்கக்கிழமை டி.சி. வாங்க வாராரு. எங்க ஊர்ல வேற பள்ளிக்கூடம் கிடையாது. வாங்கினா வீட்டோட நிறுத்திருவாங்க."

சொந்தப் பிள்ளை இல்லாத மனுஷன். அந்தப் பிள்ளைமேல் அவ்வளவு பிரியம்.

"அவளைக் கொஞ்சம் உறுதியா ஆக்கிட்டோம்னா போதும் டீச்சர். வழி சொல்லுங்க."

டீச்சர் கடைசி பெஞ்சை நேராக்கிவிட்டு, "எல்லாரும் வரட்டும் சார்" என்றார்.

எல்லாரும் வந்தார்கள். பயிற்சி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் டீச்சர் எழுந்து நின்றார்.

"ஆபீஸ் ரூம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். வேலாயுதம் சார், இங்க வாங்க. நான் வர்ற வரைக்கும் யாரு பேசுறாங்களோ அவங்க பேரைப் போர்டுல எழுதி வையுங்க."

சாக்பீஸை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

ஹாலே சிரித்தது. வேலாயுதம் சாரும் சிரித்தார். ஆனால் குரு சொன்ன வேலையாயிற்றே! திரும்பி நின்று, மணிமணியான எழுத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

"ஏயப்பா, கோடு வேறயா!" என்றார் சண்முகையா சார். "எங்க, என் பேரை எழுதும்வே பார்ப்போம்."

எழுதினார்.

"அட, நிசமாவே எழுதிட்டீரே! நம்ம ரெண்டு பேரும் ஒரே பைக்குல வந்தோம்வே, ஞாபகம் இருக்கா?"

பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அதற்கப்புறம் சிரிப்பு நின்றுபோனது. ஒருவர் செல்போனை எடுத்தார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். இத்தனை வருஷம் பழகிய முகங்களில் ஒன்றாவது அவரை ஏறிட்டுப் பார்க்க வேண்டுமே! ம்ஹூம். சாக்பீஸ் விரலில் பிசுபிசுத்தது.

டீச்சர் திரும்பி வந்து போர்டைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"சண்முகையா சார், எந்திரிங்க."

சண்முகையா சார் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு எழுந்து நின்றார். தலை நரைத்த மனுஷன் பெஞ்சுக்கும் டெஸ்குக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க வேலாயுதம் சாருக்கு என்னவோ போலிருந்தது.

"உக்காருங்க சார்" என்றார் டீச்சர். அடுத்து, "வேலாயுதம் சார், சொன்ன வேலையைச் சரியாச் செஞ்சிருக்கீங்க. டீ குடிச்சுட்டு வருவோம்."

எப்போதும் டீ நேரத்தில் சண்முகையா சார் ஒரு வடையைப் பிய்த்துப் பாதியை இவரிடம் நீட்டுவார். இருபது வருஷப் பழக்கம். இன்று முழு வடையையும் தானே தின்றுகொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். இவர் ஒரு கும்பலை நோக்கிப் போனார். பேச்சு நின்றது. இன்னொரு கும்பல். அங்கேயும் நின்றது. கிளாஸைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், எங்கே நிற்பதென்று தெரியாமல் கடைசியில் ஓரிடத்தில் நின்றார்.

நின்ற பிறகுதான் பார்த்தார். அது குழாயடி.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயோ, இந்தப் பிள்ளை தினமும் இப்படியா சாப்பிட்டது!

டீச்சர் தன் கிளாஸோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"சண்முகையா சார்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்" என்றார். "நீங்க கேக்கலையா?"

"கேக்கணும். டீச்சர், ஒரு சாக்பீஸு இவ்வளவு செய்யுமா?"

"ஏன் சார் எழுதினீங்க?"

"நீங்க சொன்னீங்க. எழுதினேன்."

"எழுதப் பிடிச்சுதா?"

"இல்ல. சண்முகையா பேரை எழுதும்போதே மனசு கேக்கல."

"பிடிக்கலைன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்ட எப்படி டீச்சர்..." என்று இழுத்தார்.

டீச்சர் விடவில்லை. குரல் மட்டும் இன்னும் மெதுவானது.

"போன வாரம் முப்பிடாதி உங்க ரூமுக்கு வந்து அழுதாள்னு சொன்னீங்களே. அழுதுக்கிட்டே என்ன சார் சொன்னா?"

வேலாயுதம் சார் டீ கிளாஸைக் குழாய்த் திண்டில் வைத்தார். மூடாத குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினார்.

"சாக்பீஸை என் மேசையில வச்சா. 'நீங்களே வச்சுக்கோங்க சார், இனிமே நான் யார் பேரையும் எழுத மாட்டேன்'னு சொன்னா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அந்தச் சாக்பீஸை எடுத்து மறுபடியும் அவ கையில வச்சு..." சட்டைப் பையைத் தடவினார். காலையில் டீச்சர் கொடுத்த சாக்பீஸ் இன்னும் அங்கேதான் இருந்தது. எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் வாங்கிக்கொண்டார்.

"திங்கக்கிழமை அவங்கப்பா வந்துருவாரே டீச்சர். அவளை எப்படியாவது லீடரா..."

"உங்க ரூமுக்குள்ள வந்து, உங்க முகத்துக்கு நேரா, மாட்டேன்னு சொல்லியிருக்கா. பன்னெண்டு வயசு" என்றார் ஜெசிந்தா டீச்சர். "அவளை இன்னும் என்ன சார் ஆக்கணும்?"