உப்பு அம்பாரமும் கறுப்புக் கண்ணாடியும்

அகரக்கொல்லை ஆட்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதில்தான் எல்லாத் தொல்லையும்.

வேதாரண்யம் பக்கத்து உப்பளங்களை ஒட்டிய ஊர் அது. அங்கே சந்திரகாசன், மாசிலாமணி, உலகநாதன் என்று மூன்று பேர் கூட்டாக ஒரு ட்ரோன் வாங்கினார்கள். பறக்கவிடத் தெரியாது, படம் எடுக்கத் தெரியாது. ஆனால் மூவரும் ஒரே நிறத்தில் சட்டை தைத்துக்கொண்டார்கள். தொழில் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும்.

முதல் வேலை சந்திரகாசனின் தாய்மாமன் பக்கிரிசாமியிடமிருந்து வந்தது. அவருடைய களத்தில் ஒரு வருஷத்து உப்பு மலைபோல் அம்பாரமாகக் கிடந்தது. கரூர் வியாபாரி ஒருவர், “உப்பு வெள்ளையா இருக்கான்னு வீடியோ அனுப்புங்க, பாத்துட்டு லாரியோட வர்றேன்” என்று சொல்லியிருந்தார். சாயங்காலமானால் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்துவிட்டால் களத்துக்குள் லாரி இறங்காது. பக்கிரிசாமிக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

“மாப்ள, உப்பு வித்தாத்தான் இந்த வருஷம் எனக்குப் பொழப்பு. படத்தக் கெடுத்தீன்னா அந்தப் பறக்குற எழவ உப்புல போட்டு ஊறுகா ஆக்கிருவேன்” என்றார்.

மூவரும் பயந்துபோய் டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இருதயராஜிடம் ஓடினார்கள். அவர் நல்ல மனிதர். “வெயில்ல உப்பு கண்ணக் கூசும். வெளிச்சம் கூடிப்போனா படம் வெளுத்துரும். எடுக்கும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வெளிச்சம் அதிகமான எடத்துல திரையில வரி வரியா ஓடும். வரி போற வரைக்கும் எடுக்காதீங்க” என்றார்.

மறுநாள் காலை மூவரும் சூரியனுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். ட்ரோன் எழும்பியது. எழும்பி, அவர்கள் தலைக்கு மேலே, அம்பாரம் இருந்த பின்பக்கமாகப் போய்விட்டது.

“எங்கடா போவுது?” என்றான் சந்திரகாசன்.

“தெரியலண்ணே. திரும்பினா சூரியன் மூஞ்சிக்கு வந்துரும்” என்றான் மாசிலாமணி.

“திரும்பாத! ஸ்டூடியோ அண்ணன் சொல்லிருக்காரு.”

உலகநாதன் கொஞ்சம் யோசிக்கக்கூடியவன். குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பின்னால் பார்த்தான். “அண்ணே, மோசம் போய்ட்டோம். ட்ரோன் தலைகீழா பறக்குது. உப்பும் தலைகீழா தொங்குது!”

சந்திரகாசன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாமி கும்பிட்டான். பாட்டரி குறைந்ததும் ட்ரோன் தானாகவே திரும்பி வந்து இறங்கியது. அந்தக் கூட்டத்தில் அதற்குத்தான் கொஞ்சம் விவரம் உண்டு.

அடுத்த முறை அம்பாரத்துக்கு நேராகப் பறக்கவிட்டார்கள். திரையில் உப்பின் மேல் வரி வரியாக ஓடியது.

“உப்பு மேல வரி விழுந்துருக்குடா” என்றான் சந்திரகாசன். மாசிலாமணி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அம்பாரத்தின் மேல் ஏறி மேலிருந்து கீழ்வரை பெருக்கினான். வரி போகவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்றான் உலகநாதன். நல்லவேளையாகப் பக்கத்தில் குழாய் இல்லை.

“வெளிச்சம் படுற எடத்துலதானே வரி? வெளிச்சமே படாம பண்ணிட்டா?” என்றான் சந்திரகாசன். மழைக்கு மூடுவதற்காக அடுக்கியிருந்த தென்னங்கீற்றை எடுத்து, ஒரு கல் உப்புகூட வெளியே தெரியாமல் அம்பாரத்தை மூடினார்கள். வரி போயே போய்விட்டது. மனநிறைவோடு எடுத்து அனுப்பினார்கள்.

கரூர் வியாபாரி போன் செய்தார். “கீத்து நல்லா இருக்குங்க. என்ன வெல?”

பக்கிரிசாமி ஊறுகாய்ப் பானையைத் தேட ஆரம்பித்தார். மூவரும் மறுபடியும் டவுனுக்கு ஓடினார்கள்.

இருதயராஜ் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்தார். “இத கேமராவுல மாட்டுங்க, வெளிச்சத்தக் கொறைக்கும். அப்பறம் திரையப் பாருங்க. இருட்டா இருந்தா ரிமோட்டுல இந்தச் சக்கரத்த வலது பக்கம் திருப்புங்க, வெளிச்சம் கூடும். இடது பக்கம்னா குறையும். ஆளு ஒருத்தர உப்புப் பக்கத்துல நிக்க வைங்க, எவ்ளோ ஒசரம்னு தெரியும். அவ்வளவுதான்யா!”

கண்ணாடியை மாட்டினார்கள். மாட்டியதும் சந்திரகாசனுக்கு ஒரு நியாயம் தோன்றியது. “கேமரா பாக்குறதத்தான் நாம பாக்கணும். அது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு பாக்குது. நாம சும்மா பாத்தா சரியா வருமா?”

“வராதுண்ணே” என்றான் மாசிலாமணி. கோயில் கடையில் ஆளுக்கொரு கூலிங் கிளாஸ் வாங்கினார்கள். இருப்பதிலேயே கறுப்பானதைத் தேடி வாங்கினார்கள்.

உலகநாதன் அம்பாரத்தின் வடக்கு மூலையில் போய் விறைப்பாக நின்றான். ட்ரோன் ஏறியது. மற்ற இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

“இருட்டா இருக்குண்ணே.”

“சக்கரத்த வலது பக்கம் திருப்பு.”

“இன்னும் இருட்டு.”

“திருப்புடா. மாமா பொழப்பு நம்ம கையில இருக்கு.”

சக்கரம் இதற்கு மேல் சுற்ற மாட்டேன் என்று நின்றது. “அண்ணே, இப்ப திரை பூரா வரி ஓடுது” என்றான் மாசிலாமணி.

சந்திரகாசன் ஆழ்ந்து யோசித்தான். “ஒரு எடத்துல இருந்தாத்தான் கறை. பூரா இருந்தா டிசைன். எடு.”

எடுத்து முடித்து, கண்ணாடிகளைக் கழற்றி, களத்துக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த பக்கிரிசாமியிடம் காட்டினார்கள். திரை முழுவதும் வெள்ளை. பாத்தி இல்லை, வரப்பு இல்லை, கொட்டகை இல்லை, வானம்கூட இல்லை.

“என்னடா இது?” என்றார் பக்கிரிசாமி.

“உப்பு மாமா. பாத்தீங்களா வெள்ளைய?”

“உப்பு சரி. பக்கத்துல நின்ன உலகநாதன் எங்க?”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உலகநாதனும் பார்த்தான். எங்கும் அவன் இல்லை.

“அம்பாரம் சரிஞ்சிருச்சு” என்றான் மாசிலாமணி மெதுவாக. “அவன் மேலயே விழுந்துருச்சு.”

உலகநாதனுக்கு முகம் வெளிறிவிட்டது. “நின்ன எடம் எனக்குத் தெரியும்ணே. வடக்கு மூலை. மூச்சு இருக்கும்போதே தோண்டிருவோம், வாங்க!”

மண்வெட்டியும் கூடையுமாக நால்வரும் ஓடினார்கள். பக்கிரிசாமியும்தான், அவரும் அதே ஊர்க்காரர் என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உப்பு நாலு பக்கமும் பறந்தது. எல்லோரையும்விட உலகநாதன்தான் வேகமாக வெட்டினான். “பொறுத்துக்கடா, வந்துட்டேன்” என்று சொல்லிச் சொல்லி வெட்டினான்.

அந்த நேரம் பார்த்துக் கரூர் வியாபாரி லாரிகளோடு வந்து சேர்ந்தார். வீடியோவை நம்பிப் பயனில்லை, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று வந்தவர். நாலு பேர் வெறிபிடித்தாற்போல் உப்பை அள்ளுவதைக் கண்டதும் அவருக்குப் பகீரென்றது. வேறு எவனோ போட்டிக்கு வந்து வாங்கிவிட்டான் என்று நினைத்துவிட்டார்.

“பக்கிரிசாமி, அத்தனையும் எனக்குத்தான்! கேட்ட வெலைய தர்றேன்!” என்று கத்தி, கூட வந்த ஆட்களை இறக்கிவிட்டார். ஒரு பக்கம் இவர்கள் வெட்ட வெட்ட, மறுபக்கம் அவர்கள் அள்ளி லாரியில் கொட்டினார்கள். முதல் தூறல் விழுந்தபோது அம்பாரம் இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. பக்கிரிசாமி பணத்தை மடியில் கட்டிக்கொண்டு சந்தோஷம் தாங்காமல் அழுதார்.

ஆனால் சந்திரகாசனுக்குச் சந்தோஷம் இல்லை. தரையைத் தடவித் தடவிப் பார்த்தான். “மாமா, அடி வரைக்கும் வெட்டியாச்சு. உலகநாதன் இல்லையே.”

“அப்ப உப்போட உப்பா லாரியில ஏத்திட்டானுங்கடா!” என்றான் மாசிலாமணி.

கடைசி லாரி ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. உலகநாதன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் அதன் பின்னால் ஓடினான்.

“அண்ணே, நிறுத்துங்கண்ணே! என்னை எறக்கிவிட்டுட்டுப் போங்கண்ணே! எனக்குக் கரூர்ல யாரையும் தெரியாதுண்ணே!”