எதிரி இல்லாத தொட்டி

“இதுவும் கெட்டுப்போச்சு, டீச்சர்!”

டாக்டர் சொக்கலிங்கத்துக்கு வயது அறுபத்து மூன்று. கடற்பஞ்சு வளர்க்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு இருபத்தொன்பது. வயதைப் பார்த்துக் குருபீடம் போடுகிற வழக்கம் கடலுக்குக் கிடையாது.

ஜெசிந்தா வாளியை நீட்டினாள். அவர் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்தார். தொட்டி நீரின் வெளிச்சம் கூரையில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

அவர் வந்தது ஒரே கேள்வியோடு.

நம் உடம்பில் ஒரு நொதி உண்டு. வைரஸ் வந்தால் விழிக்கும், இல்லையென்றால் உறங்கும். அவர் மகள் உமையாளுக்கு எந்தக் கிருமியும் இல்லாமலே அது விழித்துக் கிடந்தது. மூட்டெல்லாம் நெருப்பு.

“உன் உடம்புக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, ஆத்தா. அடிச்சுத்தான் அடக்கணும்” என்று அவளிடம் சொன்னார்.

“அந்த உடம்பு நான்தான், அப்பச்சி.”

அன்றோடு மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். நான்கு மாதம் ஆயிற்று.

அந்த நொதி முதன்முதலில் எந்த எதிரிக்காகப் பிறந்தது? அதைக் கண்டுபிடித்துக்கொண்டு மகள் முன்னால் போய் நிற்கலாம் என்று நினைத்தார். தேடித் தேடிக் கடற்பஞ்சுவரை வந்துவிட்டார். கண்ணில்லை, காதில்லை, மூளையில்லை. அதனிடமும் அதே நொதி இருந்தது.

இரண்டு தொட்டியில் கடற்பஞ்சு வைத்தார். ஒன்றில் வைரஸ் வேடம் போட்ட பொருளைக் கலந்தார். மற்றதில் வடிகட்டிய கடல்நீர் மட்டும். முதல் தொட்டியில்தான் நொதி விழிக்கவேண்டும்.

இரண்டு பஞ்சின் சாற்றையும் எடுத்துச் சோதித்தார். இரண்டிலும் விழித்திருந்தது.

வெறும் தொட்டியில் ஏதோ அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று அந்தப் பஞ்சின் சாற்றைக் கொட்டினார். தொட்டியைக் கழுவினார். மறுபடி பார்த்தார். மறுபடி கொட்டினார். இன்றைக்குக் கொட்டியது மூன்றாம் தடவை.

நான்காம் தடவை ஜெசிந்தா வாளியை நீட்டவில்லை.

“வாளி எங்கே?”

“அந்தச் சாத்துல என்ன தப்பு, டாக்டர்?”

“எதிரியே இல்லை. எதுக்கு முழிச்சிருக்கு?”

“பஞ்சுல அது எப்பவும் அப்படித்தான்.”

“எப்பவுமா? மூணு தடவை கொட்டினேனே! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நீங்க எங்க கேட்டீங்க? அழுக்குன்னு தீர்ப்பே சொல்லிட்டீங்க. பெரிய டாக்டராச்சே!”

அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே இளமஞ்சளாய் ஏதோ மிதந்தது.

“எத்தனை காலமா இப்படி?”

“அறுபது கோடி வருஷம் இருக்கும். தூங்கப் பழகினது பின்னால வந்த நாமதான்.”

“சரி, எதிரிக்காக இல்லேன்னா வேற எதுக்காக?”

ஜெசிந்தா பக்கத்தில் வந்தாள். அவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள். கையைப் பிடித்துத் தொட்டிக்குள் இறக்கி, பஞ்சு நீரை வெளிவிடும் வாய்க்கு மேலே விரித்து வைத்தாள்.

“என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியலை... இல்லை, இரு. தண்ணி வந்து தொடுது. மெதுவா. மூச்சு மாதிரி.”

அவருடைய இன்னொரு கை தானாக உயர்ந்தது. கண் கடிகாரத்துக்குப் போயிற்று; உதடு எண்ணத் தொடங்கியது.

ஈரக் கையால் கடிகாரத்தை மூடினாள் ஜெசிந்தா.

“எண்ணாதீங்க டாக்டர். சும்மா வச்சிருங்க.”

வைத்திருந்தார். நீர் வந்து உள்ளங்கையைத் தொட்டது. தொட்டுக்கொண்டே இருந்தது.

நாடி பார்ப்பதற்காக அல்லாமல் உமையாளின் கையைக் கடைசியாக எப்போது பிடித்தோம் என்று யோசித்துப் பார்த்தார்.

நினைவுக்கு வரவில்லை.