பாறையில் நின்றவர்

"எனக்கு என்ன பிராயச்சித்தம் அம்மா?" என்று கேட்டார் ரிக்ஸின்.

"எதற்கு?" என்றார் மடத்தின் தலைவி பால்மோ.

ரிக்ஸின் தலை நிமிரவில்லை. அந்த மலைமடத்தில் இருபது வருஷமாகத் துறவியாக இருப்பவர். மூன்று நாளாக எல்லோரும் அவரைக் கண்டால் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நடந்ததைச் சொன்னார்.

அவரும், சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் துறவி யாங்சென்னும் கீழூரிலிருந்து மாவு மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் பனி மூடிய ஒரு பெரிய சரிவு. வசந்தகாலத்தில் அதை விடியுமுன் கடந்துவிட வேண்டும். இரவுக் குளிரில் இறுகிக் கிடக்கும் பனி, வெயில் ஏறினால் இளகி மொத்தமாகச் சரிந்துவிடும்.

கடப்பதும் ஒவ்வொருவராகத்தான். மற்றவர் ஓரத்துப் பாறையில் நின்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆள் புதைந்தால் எங்கே தோண்டுவது என்று அவருக்குத்தான் தெரியும்.

அன்று ரிக்ஸினின் ஜபம் நீண்டுவிட்டது. சரிவுக்கு வந்தபோது உச்சி வெயில். நாளை விடியலில் போகலாம் என்றாள் யாங்சென். இத்தனை வருஷம் தியானம் செய்தும் பயம் போகவில்லையா என்று கேட்டார் இவர்.

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பாறையில் நின்ற ரிக்ஸின் கண்ணை மூடி, அவளுக்காக மந்திரம் சொல்ல ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டுக் கண் திறந்தபோது சரிவில் யாருமில்லை.

எதுவரை போயிருந்தாள் என்று தெரியவில்லை. கண்ட இடத்தையெல்லாம் கையால் தோண்டினார். ஐந்தாவது இடத்தில் மூட்டைக் கயிறு தட்டுப்பட்டது. அவளுக்கு மூச்சு இருந்தது. தோள் எலும்பு முறிந்திருந்தது. மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு அவளைச் சுமந்துகொண்டு மடத்துக்கு வந்தார்.

அவருடைய மந்திரம்தான் அவளைக் காப்பாற்றியது என்று மடத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் அதை மறுக்கவில்லை.

"யாங்சென்னிடம் சொன்னாயா?"

"இல்லை அம்மா."

"போய்ச் சொல்."

யாங்சென் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் அவளுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் கும்பிட்டு எழுந்தார்கள். அவர்கள் எதிரிலேயே சொன்னார்.

"நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன்."

யாங்சென் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ளே ஒரே இருட்டு" என்றாள் பிறகு. "விரலைக்கூட அசைக்க முடியவில்லை. ஆனாலும் நான் பதறவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள், நேராக இங்கேதான் வருவீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

கும்பிட்ட இருவரும் அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்கள்.

பால்மோவிடம் திரும்பி வந்தார் ரிக்ஸின். மடத்தை விட்டுப் போய்விடுகிறேன் என்றார். இனி இங்கே யார் முகத்திலும் விழிக்க முடியாது என்றார்.

பால்மோ மூலையிலிருந்த ஊன்றுகோலை எடுத்து வாசற்கதவில் சாய்த்து வைத்தார்.

"மடத்தில் மாவு இல்லை. நாளை விடியுமுன் நான் அந்தச் சரிவைக் கடக்கிறேன்" என்றார். "பாறையில் நீ நில்."