நடுக்கம் நின்ற இடம்

“மேடம், கை நடுங்காம இருக்க என்ன செய்யணும்?” என்று கேட்டார் குலசேகரன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். பேராசிரியர் வெரோனிக்கா பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு நாற்பத்தேழு. வார இறுதி எம்.பி.ஏ.வில் இதெல்லாம் சகஜம். பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்றால் தலை நரைத்த பிறகும் முதல் பெஞ்சில் உட்காரத்தான் வேண்டும்.

“எதுக்கு நடுங்குது?”

“நாளைக்கு எங்க ஃபேக்டரியில முப்பத்திரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பணும். ஹெச்.ஆர். மேனேஜர் நான்தான். நான்தான் அவங்ககிட்ட சொல்லணும்.”

“போன மாசம்தானே அதைப் பாடமா நடத்தினேன்?”

“எல்லாம் மனப்பாடம் மேடம். ஒருத்தர்கிட்ட ஏழு நிமிஷத்துக்கு மேல பேசக் கூடாது. ‘உங்களை’ன்னு சொல்லக் கூடாது, ‘உங்க பணியிடம்’னு சொல்லணும். மன்னிப்பு கேட்கவே கூடாது, கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மேஜையில தண்ணி இருக்கணும்.”

“அப்புறம் என்ன?”

“நேத்து கண்ணாடி முன்னாடி சொல்லிப் பார்த்தேன். கையில பேப்பர் நிக்க மாட்டேங்குது. இப்படிப் போய் உட்கார்ந்தா, எம்.டி. என்னை முப்பத்துமூணாவது ஆளா அனுப்பிடுவார்.”

மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

வெரோனிக்கா டஸ்டரை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். தன் தண்ணீர் பாட்டிலை மேஜை மேல் வைத்தார்.

“லிஸ்ட் இருக்கா?”

“இருக்கு.”

“அந்த முப்பத்திரண்டு பேரும் நான்தான். ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லுங்க.”

குலசேகரன் காகிதத்தை எடுத்தார். அது படபடத்தது.

“ஜோதிமணி...” என்றார். அதோடு நின்றுவிட்டார். “மேடம், இந்தம்மா கார் சீட்டுக்கு உறை தைக்கிறவங்க. எனக்கு டெங்கு வந்தப்போ இவங்க வீட்டுக்காரர்தான் ஓடி வந்து ரத்தம் கொடுத்தார்.”

“சொல்லுங்க.”

“நிறுவனத்தோட மறுசீரமைப்பு காரணமா... உங்க பணியிடம் இனிமே இல்ல.”

“ஐயோ சார், நான் என்ன தப்பு பண்ணேன்?” வெரோனிக்காவின் குரல் உடைந்து, கண்ணீர் வந்துவிட்டது.

காகிதம் கீழே விழுந்தது.

“எடுங்க. அடுத்தது யாரு?”

அடுத்தது ஷேக் மஸ்தான். கேன்டீன் சாம்பார் பற்றி வாரத்துக்கு ஒரு புகார் எழுதுகிறவர். அதற்கடுத்தது பொற்கொடி. மகளை நர்ஸிங்கில் சேர்த்து இரண்டு மாதம்தான் ஆகிறது. குலசேகரன் ஒவ்வொருவரைப் பற்றியும் சொன்னார். அதைச் சொல்லாமல் அந்த வாக்கியம் அவர் வாயில் வரவில்லை.

வெரோனிக்கா ஒவ்வொரு முறையும் அழுதார், கெஞ்சினார். ஷேக் மஸ்தானாக இருந்தபோது வாய்க்கு வந்தபடி திட்டினார்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். மனிதன் எம்மாத்திரம்?

பத்துப் பேரைத் தாண்டியதும் கதைகள் குறைந்தன. அதன் பிறகு எந்தப் பிரிவு என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

பெயர். வாக்கியம். தண்ணீர்.

பெயர். வாக்கியம். தண்ணீர்.

“பிள்ளைங்ககிட்ட நான் என்ன சார் சொல்லுவேன்?” என்று கடைசி ஆளாக வெரோனிக்கா தேம்பினார். குலசேகரன் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலே நிமிஷம் மேடம்!”

கையை நீட்டிக் காட்டினார். “பாருங்க, நடுங்கல!” பரீட்சையில் தேறியவர் மாதிரி அத்தனை சந்தோஷம்.

“நல்லது. எந்தப் பேர்ல நின்னுச்சு?”

“எது மேடம்?”

“நடுக்கம். யார் பேரைச் சொல்லும்போது நின்னுச்சு?”

குலசேகரன் யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. காகிதத்தை எடுத்து மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஜோதிமணியைப் படித்தார். பொற்கொடியைப் படித்தார். முப்பத்திரண்டு பேரையும் படித்து முடித்தார்.

காகிதம் அசையவே இல்லை.

அவருக்குப் பயமாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து, இந்த முறை வாய்விட்டுப் படித்தார். குரலும் சீராகத்தான் வந்தது.

“மேடம்... பழையபடி நடுங்கணும்னா என்ன செய்யணும்?”

வெரோனிக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் கண்ணீர் எல்லாம் காய்ந்திருந்தது. கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க சார்.”